அரங்கின் அடியில்



பங்காரப்பேட்டைச் சந்திப்பிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளைப் பாதையில் ஊரிகம் என்றொரு சிறு ரயில் நிலையம் உண்டு. கோலார் தங்கவயல் என்று உலகம் அறிந்த நிலப்பகுதியின் நடுவே அமைந்த ஊர் அது. வட ஆர்க்காட்டிலிருந்தும் தென் ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட நம் முன்னோர் பலர் இங்கே வந்து இறங்கினர். ஜான் டெய்லர் குழுமத்தார் 1880இல் சுரங்கத் தொழிலில் கால் வைத்த காலம் முதல், பாரதத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது வரையில், தலைமுறை தலைமுறையாகத் தமிழர் இம்மண்ணுக்குள் இறங்கி ஏறினர். இன்று அங்கே செல்பவர் காண்பது ஆலை கழித்த மண் குன்றுகளையும், ஓய்ந்து நிற்கும் சில இரும்புக் கோபுரங்களையுமே. அவ்வூரின் உண்மையான கட்டுமானம் கண்ணுக்குத் தெரியாது. அது நிலத்தின் அடியில் இருக்கிறது.

விளையாட்டரங்கத்தின் அடித்தளம் என்பது இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். அதைப் பேசத் தங்கச் சுரங்க ஊருக்கு ஏன் செல்ல வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். அடியில் உழைத்தவன் மேலிருப்போர் கண்ணில் படுவதில்லை என்பதை ஊரிகத்தார் அறிந்தது போல் அறிந்தவர் வேறு எவருமிலர். எனவே அவ்வூரையே நமது பேச்சுக்குக் கடைக்காலாக வைத்துக்கொள்வோம்.

கடைக்கால் என்ற சொல்லைக் கூறினோம். மொழிபெயர்ப்பு நமது தொழிலாதலால் சொற்களிடம் சற்று நின்று போவது நமக்குப் பழக்கம். அஸ்திவாரம் என்ற வடசொல் வழக்கு எங்கும் பரவியிருப்பினும், கொத்தனார் வாயில் இன்றும் வழங்குவது கடைக்கால். பேச்சில் அது கடகால் என்றாகும். அதற்காகத் தோண்டும் பள்ளத்துக்கு நம் ஊர்களில் வானம் என்று பெயர். 'வானம் தோண்டியாயிற்றா?' என்று மேஸ்திரி கேட்பதை நேயர்கள் பலரும் கேட்டிருப்பீர்கள். மேலே விரிந்திருப்பதும் வானம். வீடு கட்டக் கீழே தோண்டுவதும் வானம். இந்தப் பெயர் எவ்வாறு வந்ததோ, கட்டடத்தின் உயரம் பள்ளத்தில்தான் தொடங்குகிறது என்ற உண்மைக்கு இது பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

வீட்டுக்கு வேண்டும் கடைக்காலுக்கும் பேரரங்கத்துக்கு வேண்டும் கடைக்காலுக்கும் வேறுபாடு என்ன? வீட்டின் பாரம் பெரும்பாலும் அசையாத பாரம். அரங்கத்தின் பாரமோ எழுந்து குதிக்கும் பாரம். 50,000 பேர் கூடினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 60 கிலோ என்றாலும் 3,000 டன் ஆகிறது. பந்து வலைக்குள் புகுந்த அக்கணத்தில் அத்தனை பேரும் ஒருங்கே துள்ளினால், அசையாத எடையைக் காட்டிலும் பெரிதான ஒரு தாக்குதல் படிக்கட்டு வழியாகத் தூணுக்கும், தூண் வழியாகத் தரைக்கும் இறங்குகிறது. படிவரிசைக்கு மேல் முன்னோக்கி நீண்ட கூரை இருக்குமானால், காற்று அதைத் தூக்கப் பார்க்கும். அப்பொழுது சில தூண்களின் அடித்தளம் பாரத்தைத் தாங்கினால் மட்டும் போதாது. மேலெழவிடாமல் இழுத்துப் பிடிக்கவும் வேண்டும்.

ஆகவே பொறியாளர் முதலில் மண்ணிடம் கேள்வி கேட்கின்றனர். ஆங்காங்கே துளையிட்டு, எந்த ஆழத்தில் களிமண், எந்த ஆழத்தில் மணல், எங்கே பாறை என்று கண்டறிகின்றனர். பாறை அருகிலிருந்தால் அகன்ற பாதம் போன்ற தனித்தனி அடித்தளம் போதும். களிமண்ணாயின் ஆழத் துளையிட்டு, இரும்புக் கம்பிக் கூட்டை இறக்கிக் கான்கிரீட்டை நிரப்பி, நிலத்துக்குள்ளேயே தூண்களை வளர்க்கின்றனர். அத்தூண்கள் பலவற்றின் தலைகளை ஒரு கனத்த கான்கிரீட் பலகையால் பிணைக்கின்றனர். அரங்கம் முழுவதும் ஒரே அளவாக அமிழ்ந்தால் கேடு குறைவு. ஒரு பக்கம் அமிழ்ந்து மறுபக்கம் நின்றுவிட்டால்தான் படிவரிசை பிளக்கும்.

கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்று நாம் பேச்சில் சொல்லுகிறோம். அது சரியன்று. சிமெண்ட் தண்ணீரோடு வேதியல் முறையில் கூடி இறுகுகிறது. அது காய்ந்தால்தான் கெடும். அதனாலேயே வார்த்த பின்னர்ச் சாக்குப் போர்த்தி, பாத்தி கட்டி, நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகின்றனர். சாதாரண சிமெண்டாயின் ஏழு நாளுக்குக் குறையாமல் ஈரம் காக்க வேண்டும் என்பது விதி. வார்க்கும் பொழுதே 150 மில்லிமீட்டர் அளவுள்ள கனசதுரக் கட்டிகளையும் வார்த்து வைத்து, 28ஆம் நாள் அவற்றை எந்திரத்தில் நசுக்கி வலிமையை அளக்கின்றனர். கலவையில் தண்ணீரை மிகுதியாகச் சேர்த்தால் வேலை எளிதாகும்; வலிமை குறையும். வேலையை அவசரப்படுத்துகின்ற ஒப்பந்தக்காரனுக்கு இந்தத் தண்ணீரே பெருஞ்சோதனை. கடைக்காலில் செய்த பிழையை மண் மூடிவிடும். மேலே கூட்டம் கூடுகின்ற நாளில் அது வெளிப்படும்.

இவ்வாறு வெளிப்பட்ட நாளொன்றை உரோமானிய வரலாறு குறித்து வைத்திருக்கிறது. கி.பி. 27ஆம் ஆண்டில், உரோமாபுரிக்கு அருகிலிருந்த ஃபிதேனே என்னும் ஊரில், அதிலியஸ் என்பவன் மரத்தாலான ஓர் அரங்கத்தை எழுப்பினான். அடிமை நிலையிலிருந்து விடுபட்டவன் அவன். மிகுந்த செல்வனும் அல்லன். வாட்போர்க் காட்சி நடத்தி விரைவில் பணம் சேர்க்க வேண்டும் என்பது அவன் நோக்கம். உறுதியான நிலத்தில் அவன் அடித்தளம் இடவில்லை. மேற்கட்டையும் வலுவாகப் பிணைக்கவில்லை. கூட்டம் நிறைந்திருந்த வேளையில் அரங்கம் சரிந்தது. மாண்டவரும் ஊனமுற்றவருமாக 50,000 பேர் என்று வரலாற்றாசிரியர் தாசித்தஸ் எழுதுகிறார். பண்டை ஆசிரியர் தரும் எண்ணை நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் அதன் பின்னர் உரோமானியச் செனட் சபை செய்த காரியம் நம் கருத்துக்கு உரியது. குறிப்பிட்ட அளவு சொத்து இல்லாதவன் இத்தகைய காட்சிகளை நடத்தலாகாது. உறுதி சோதிக்கப்பட்ட நிலத்திலன்றி எவரும் அரங்கம் கட்டலாகாது என்று அச்சபை ஆணையிட்டது. அரங்கத்தின் அடித்தளத்தைப் பற்றி அரசு வகுத்த மிகப் பழைய சட்டங்களுள் ஒன்று இது.

அரை நூற்றாண்டுக்குப் பின் உரோமாபுரியின் பெரிய அரங்கமாகிய கொலோசியம் எழுந்தது. வெஸ்பாசியன் தொடங்க, அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80இல் அதைத் திறந்து வைத்தார். அது நிற்கும் இடம் முன்பு நீரோ மன்னனின் செயற்கை ஏரி. நீரை வடித்து, ஏரிப் படுகையைத் தோண்டி, நீள்வட்ட வளையமாக ஏறத்தாழ 12 மீட்டர் கனத்துக்கு உரோமானியர் கான்கிரீட் இட்டனர். சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் உடைகல்லும் கலந்த காரை அது. நிலநடுக்கங்கள் கண்ட பின்னும் அவ்வரங்கத்தின் பெரும்பகுதி இன்றளவும் நிற்கிறது. யூதப் போரில் கிட்டிய கொள்ளைப் பொருளைக் கொண்டு அது கட்டப்பட்டது என்று, அங்குக் கிடைத்த கல்வெட்டொன்றை ஆய்ந்தோர் கூறுவர். நிலத்தின் உறுதியைப் பார்க்க வேண்டும் என்று உரோமானியர் கற்றுக்கொண்டனர். மண் சுமந்தவன் யார், அவனுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்க அவர்கள் சட்டம் வகுக்கவில்லை. அடித்தளம் இரண்டு வகை என்பதையும், அவற்றுள் ஒன்றையே அவர்கள் கண்டனர் என்பதையும் நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

மற்றொன்றை நம் நாட்டுக் கதையொன்று தொட்டுக்காட்டுகிறது. வையை பெருக்கெடுத்த பொழுது, கரையை அடைக்க வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. சொக்கநாதப் பெருமானே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமந்தான் என்று திருவிளையாடற் புராணம் கூறுகிறது. வேலையில் சுணங்கிய அந்தக் கூலியாளின் முதுகில் விழுந்த பிரம்படி, அரசன் முதல் அனைவர் முதுகிலும் பட்டது. மதுரையில் இன்றும் ஆவணித் திருவிழாவில் இதனை நடித்துக் காட்டுகின்றனர். பக்தியோடு கேட்போர்க்கு அது திருவிளையாடல். வரலாற்றுக் கண்ணோடு பார்ப்போர்க்கு அதனுள் இன்னொரு செய்தியும் உண்டு. ஊரின் பொதுவேலைக்கு ஆளைக் கட்டாயமாக அழைக்கும் வழக்கம் இருந்தது. அதன் சுமை ஆளற்ற ஏழையின் தலையிலும் விழுந்தது.

அந்த வழக்கத்துக்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்று பெயர். கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு அது. ஏரிக்கரை உயர்த்தவும் வாய்க்கால் வெட்டவும் மக்கள் இவ்வாறு அழைக்கப்பட்டனர். இன்று வெட்டிவேலை என்றால் பயனற்ற வேலை என்று பொருள் கொள்கிறோம். கூலியில்லா உழைப்பைக் குறித்த சொல், காலப்போக்கில் பொருளற்ற உழைப்பைக் குறிப்பதாயிற்று. வடநாட்டில் இதற்கு வழங்கும் சொல் பேகார். 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு, ஆங்கில மூலத்திலேயே பேகார் என்ற அந்த நாட்டுச் சொல்லை அப்படியே எடுத்தாண்டு, அதனையும் அது போன்ற பிற கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடான சொல் கிடைக்கவில்லை போலும்! இந்நாட்டு அனுபவத்தை இந்நாட்டுச் சொல்தான் சொல்ல முடிந்தது.

இனி டில்லிக்குச் செல்வோம். 1951இல் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் டில்லியில் நடந்த பொழுது, 1933இல் கட்டப்பட்டிருந்த பழைய அரங்கமே பயன்பட்டது. 1982இல் ஒன்பதாவது போட்டிகள் மீண்டும் டில்லிக்கு வந்தன. இம்முறை லோதி சாலையருகே ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் புதிதாக எழுந்தது. உள்ளரங்கம், நீச்சற்குளம், விளையாட்டு வீரர் குடியிருப்பு, மேம்பாலங்கள், விடுதிகள் என்று நகரமெங்கும் ஒரே வேளையில் வேலை நடந்தது. நாள் குறிக்கப்பட்டுவிட்டது, வேலை முடிந்தாக வேண்டும். இராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், ஒரிசா முதலிய மாநிலங்களிலிருந்து ஜமேதார்கள் என்னும் ஆள்பிடிக்கும் தரகர்கள் மூலமாகத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வரவழைக்கப்பட்டனர்.

அந்நாளில் டில்லியில் அவ்வேலைக்கு விதிக்கப்பட்டிருந்த குறைந்த அளவு நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர் அதனை ஜமேதாரிடம் கொடுத்தனர். ஜமேதார் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாயைத் தன் தரகாகப் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசே கொடுத்தான். பெண்களுக்குக் கிடைத்ததோ 7 ரூபாய். பதினான்கு வயது நிரம்பாத சிறுவரும் வேலையில் இருந்தனர். மக்கள் ஜனநாயக உரிமைக் கழகத்தார், சமூக அறிவியலார் மூவரைக் கொண்டு இவற்றை நேரில் ஆராய்ந்து, உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி அவர்களுக்குக் கடிதமாக எழுதினர். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது.

1982ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், நீதிபதிகள் பகவதியும் பகருல் இஸ்லாமும் தீர்ப்பு வழங்கினர். போட்டிகள் தொடங்குவதற்கு அன்று இரண்டு மாதமே இருந்தது. தீர்ப்பின் சாரத்தை நம் சொல்லில் கூறுவோம். கட்டாயம் என்பது சாட்டையாலும் சட்டத்தாலும் மட்டும் வருவதன்று, பசியாலும் வரும். வேறு வழியில்லாத ஏழை, குறைந்த அளவுக் கூலிக்கும் கீழான தொகைக்கு உழைக்க ஒப்புகிறான் என்றால், அந்த ஒப்புதல் அவன் விருப்பத்தால் விளைந்ததன்று. ஆதலால் குறைந்த அளவுக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பு, 23ஆம் பிரிவு தடை செய்கின்ற கட்டாய உழைப்பேயாம்.

கட்டட வேலை குழந்தைகளை வேலைக்கமர்த்தும் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இல்லை என்ற வாதம் எழுந்தது. கட்டட வேலை இடர் நிறைந்தது. பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசியலமைப்பின் 24ஆம் பிரிவே பதினான்கு வயதுக்குட்பட்டோரைக் காக்கப் போதும் என்று நீதிமன்றம் விடையளித்தது. 'குற்றம் ஒப்பந்தக்காரருடையது' என்று சொல்லி அரசும் அதன் அமைப்புகளும் ஒதுங்கிவிட இயலாது. வேலை யாருக்காக நடக்கிறதோ அவர்களே பொறுப்பு என்றும் கூறியது. கூலியிழந்தவன் தானே வந்து வழக்காட இயலாத பொழுது, பொதுநலம் கருதிப் பிறர் அவனுக்காக நீதிமன்றத்தை நாடலாம் என்பதும் இவ்வழக்கில் உறுதிப்பட்டது. வேலையிடங்களைப் பார்வையிட்டு அறிக்கை தர மூவர் அமர்த்தப்பட்டனர்.

இவ்வழக்கில் வெளிமாநிலத் தமிழராகிய நாம் கருத வேண்டிய கூறு ஒன்று உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்கான சட்டம் 1979லேயே நிறைவேறிவிட்டது. டில்லியில் அது 1980 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதனைச் செயற்படுத்த வேண்டிய விதிகள் 1982 ஜூனில்தான் வெளியாயின. இதற்கிடையில் தோண்ட வேண்டிய பள்ளமெல்லாம் தோண்டியாகிவிட்டது. வார்க்க வேண்டிய கான்கிரீட்டெல்லாம் வார்த்தாகிவிட்டது. கட்டடத்தில் கடைக்கால் முதலில், கூரை பின்பு. சட்டத்திலோ கூரை எழும் வேளையில் கடைக்கால் வந்தது!

1982 நவம்பர் 19ஆம் நாள் நேரு அரங்கில் தொடக்க விழா சிறப்பாக நடந்தது. தொலைக்காட்சி வண்ணத்தில் மலர்ந்த ஆண்டு அது. நாடே மகிழ்ந்தது, மகிழ வேண்டியதே. மீண்டும் 28 ஆண்டு கழித்து, 2010இல் காமன்வெல்த் போட்டிகளுக்காக அதே அரங்கம் புதுப்பிக்கப்பட்டது. அப்பொழுதும் தொழிலாளர் நிலையைப் பற்றி வழக்கு எழுந்து, டில்லி உயர்நீதிமன்றம் முன்னாள் தூதர் அருந்ததி கோஷ் தலைமையில் குழுவொன்றை அமைத்தது. கூலிக் குறைவையும், பதிவின்மையையும், பாதுகாப்புக் குறைவையும் அக்குழு மீண்டும் கண்டது. தீர்ப்பு ஒரு முறை எழுதினால் போதும்; அதனை நாள்தோறும் ஈரம் ஊற்றிக் காக்காவிட்டால் அதுவும் கான்கிரீட்டைப் போல் வலுவிழக்கும்.

இப்பொழுது ஊரிகத்துக்குத் திரும்புவோம். தங்கவயலின் ஆழ்சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல். பொன் கலந்த கல்லை வெட்டியெடுத்த பின் எஞ்சும் வெற்றிடத்தை அப்படியே விட இயலாது. மேலுள்ள பாறையின் பாரம் தாங்காமல் சுற்றியுள்ள கல் திடீரென வெடித்துச் சிதறும். அவ்வாறு பாறை வெடித்து மாண்ட தொழிலாளர் பலர். அந்த அதிர்ச்சியால் மேலேயிருந்த வீட்டுச் சுவர்கள் பிளந்ததும் உண்டு. ஆகவே வெற்றிடங்களை முதலில் மரக்கட்டைகளாலும், பின்னர்க் கருங்கற் சுவர்களாலும், அதன் பின்னர்க் கான்கிரீட்டாலும் தாங்கினர். உலகில் எங்கும் கடைக்கால் காலுக்குக் கீழே இருக்கும். ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளிக்கோ, அவன் இட்ட தாங்கு சுவர் தலைக்கு மேலிருந்த மலையைச் சுமந்தது. அது பிழையானால் முதலில் மாளுபவன் அதைக் கட்டியவனே. ஆதலால் அவன் கலவையில் பொய் கலக்கவில்லை.

ஆனால் மேலே அவன் வாழ்ந்த வீடோ மூங்கில் தட்டியாலான சிறு குடில். மைசூர் நாட்டுக்குப் பொன்னைத் தந்தவர், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கடந்து வந்த மின்சாரத்தைச் சுரங்கத்தில் கண்டனர். தங்கள் குடிலில் காண நெடுங்காலம் காத்திருந்தனர். 1930இல் கைரேகை பதிந்தால்தான் வேலை என்ற விதி வந்த பொழுது, தங்களைக் குற்றவாளிகளைப் போல் நடத்துவதாக எண்ணி, ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரம் சுரங்கத்தில் இறங்க மறுத்தனர். இதனையும் டில்லி வழக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஊரிகத்தில் தொழிலாளியை ஐயுற்றுப் பதிவேட்டில் ஏற்றினர், அவன் எதிர்த்தான். டில்லியில் தொழிலாளியைப் பதிவேட்டில் ஏற்றாமலே விட்டனர். அவன் ஒரு ரூபாயை நாள்தோறும் இழந்தான். பதிவேடு தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அது யார் கையில், எதற்காக என்பதே வினா.

சுரங்கம் மூடிய பின்னும் ஊரிகத்தின் அறிவு வீணாகவில்லை. 1964இல் நிறுவப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை தங்கவயலில் உண்டு. மண் தள்ளும் எந்திரங்கள் அங்கே உருவாகி நாடெங்கும் சென்றன. பாறை வெடிப்பை ஆராய்ந்த அனுபவத்திலிருந்து 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தோன்றி, அணைகளுக்கும் சுரங்கப் பாதைகளுக்கும் பாறையின் உறுதியைச் சோதித்துக் கூறலாயிற்று. ஃபிதேனே ஊரின் விபத்துக்குப் பின் உரோமானியர் கேட்ட அதே கேள்வி, 'இந்நிலம் தாங்குமா?' என்பது. அதற்கு விடை கூறும் கலை, நம் மக்கள் உயிர் கொடுத்துப் பெற்ற அறிவின்மேல் எழுந்தது என்று கூறுவது மிகையாகாது.

இன்று எந்திரங்கள் பெருகிவிட்டன. ஒரு காலத்தில் சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றிய கலவையைக் குழாய் வழியே எந்திரம் ஏற்றுகிறது. ஆயினும் கம்பி கட்டவும், பலகை அடைக்கவும், சாக்கு நனைக்கவும் மனிதர் கைகளே வேண்டியிருக்கின்றன. அக்கைகளுள் தமிழர் கைகளும் உண்டு, கடல் கடந்தும் உண்டு. 2022 உலகக் கால்பந்துப் போட்டிக்காகக் கத்தார் நாடு எட்டு அரங்கங்களில் ஏழினைப் புதிதாகக் கட்டியது. தென்னாசியத் தொழிலாளரின் இன்னல் உலகெங்கும் பேசப்பட்ட பின்னரே, முதலாளியின் இசைவின்றி வேலை மாற முடியாது என்ற விதி 2020இல் அங்கே நீக்கப்பட்டது. 2021 மார்ச் முதல் குறைந்த அளவு ஊதியமாக மாதம் 1,000 ரியால் விதிக்கப்பட்டது. டில்லியிலும் தோகாவிலும் வரலாறு ஒரே வழியாகத்தான் நடந்திருக்கிறது. அரங்கம் எழுகிறது, உலகத்தின் கண் அங்கே திரும்புகிறது, அந்த வெளிச்சத்தில் பள்ளத்திலிருப்பவன் சிறிது நேரம் தெரிகிறான். அந்தச் சிறிது நேரத்தில் அவனுக்காக எழுதப்படும் விதியே அடுத்த பள்ளத்தில் இறங்குபவனுக்குக் கடைக்காலாகிறது.

தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. 1996இல் நாடு முழுமைக்குமாகக் கட்டடத் தொழிலாளர் சட்டமும், கட்டடச் செலவில் ஒரு சிறு பங்கை அவர்தம் நலநிதிக்குத் தீர்வையாகப் பெறும் சட்டமும் நிறைவேறின. பழைய தொழிற்சட்டங்கள் பலவற்றைத் தன்னுள் இணைக்கும் தொகுப்பொன்றும் 2020இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டத்தின் பெயர் மாறலாம். அதன்கீழ் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டிய தேவை மாறவில்லை.

எனவே மாநிலம் கடந்து வாழும் தமிழ் நேயர்களுக்கு நாம் கூற விரும்புவது சிறிதே. உங்களுள் மேஸ்திரியாக இருப்பவர், உமது கீழ் வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயரும், கூலியும் எழுதப்படுகிறதா என்று பாருங்கள். ஊரிலிருந்து அழைத்து வந்த தம்பி என்பதற்காக அவன் கணக்கை வாய்ச்சொல்லில் விடாதீர்கள். உங்களுள் அலுவலகத்தில் இருப்பவர், எழுதத் தெரியாத ஒருவருக்கு ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். அந்த மாநிலத்தின் மொழியில் உள்ள விதியை அவருக்குத் தமிழில் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு என்பது அலுவலகக் கோப்பில் மட்டும் நடப்பதன்று. டில்லி வழக்கும் ஒரு கடிதத்தில்தான் தொடங்கிற்று.

அடுத்த முறை நீங்கள் பெரியதொரு அரங்கத்தில் அமர்ந்து, பந்து வலைக்குள் புகும் பொழுது அனைவரோடும் துள்ளி எழுவீர்கள். எழுங்கள், அதற்காகத்தான் அது கட்டப்பட்டது. அந்தத் துள்ளல் படிவழியே தூணுக்கும், தூண்வழியே பள்ளத்துக்கும் இறங்குகிறது. அங்கே, நம் கொத்தனார்கள் வானம் என்று பெயரிட்ட அந்த ஆழத்தில், யாரோ ஒருவர் சாக்கு நனைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அவருக்கு முழுக்கூலி கிடைத்திருந்தால், அரங்கத்தின் இரண்டு அடித்தளங்களும் உறுதியாக இருக்கின்றன என்று நாம் மனநிறைவு கொள்ளலாம்.